ஒரு கூண்டுக் குழாயின் ஜாதகம்

நீளம் 6 மீட்டர். விட்டம் 38 மில்லிமீட்டர். கனம் 2.5 மில்லிமீட்டர். நம்மூர்ப் பட்டறைக் கணக்கில் சொன்னால் ஒன்றரை இஞ்ச் பைப். சுவரின் கனம் ஒரு நூல்கூட வராது. தோளில் வைத்தால் 13 கிலோ சொச்சம். தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர்க் குழாய்க்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. தெரியாததால்தான் தண்ணீர்க் குழாயை வளைத்து, கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் கூண்டைக் காருக்குள் கட்டியவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

நான் சொல்லப்போகும் குழாய் போய்ச் சேருமிடம் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்கர்கள் மியாட்டா என்பார்கள். இரண்டே பேர் உட்காரலாம், மேலே துணிக்கூரை, முன்னால் 1.6 லிட்டர் எஞ்சின், பின்சக்கர ஓட்டம், தவளைக் கண்போல எழும்பி இறங்கும் முகப்பு விளக்குகள். மொத்த எடை ஆயிரம் கிலோவுக்குள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார்க் கண்காட்சியில் வெளிவந்தது. பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர், மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் 1979இல், “அந்தக் காலத்து ஆங்கிலத் திறந்த கார் மாதிரி எளிமையான ஒன்றை நீங்கள் ஏன் செய்யக்கூடாது?” என்ற பொருளில் கேட்டதில் முளைத்த விதை. அப்போது திறந்த கார்களுக்குக் கெட்ட நேரம். கவிழ்ந்தால் தலைக்கு மேல் ஒன்றுமில்லை என்ற பயம், அமெரிக்காவில் கடுமையான சட்டம் வரும் என்ற பேச்சு. ஒவ்வொரு கம்பெனியாகக் கடையைக் கட்டின. அந்தப் பயம் அடங்கிய இடைவெளியில் பிறந்து, எல்லாத் தலைமுறைகளும் சேர்ந்து 2016இல் தயாரிப்பில் பத்து லட்சத்தைத் தாண்டிய வண்டிக்குள், அதே பயத்துக்கு மருந்தாக இந்தக் குழாய் போகிறது.

குழாய் பிறக்கும்போது குழாயாக இருப்பதில்லை. உருண்டையான எஃகுத் தடியாக, சுமார் 1200 டிகிரியில் பழுத்து உலையிலிருந்து வருகிறது. அதில் ஓட்டை போடுவது எப்படி? துரப்பணம் கொண்டு குடைவதில்லை. ஜெர்மனியின் ரெம்ஷைட் ஊரில் 1880களில் மானஸ்மான் சகோதரர்கள் கண்டுபிடித்த வழிதான் இன்றைக்கும். சற்றே சாய்த்து வைத்த இரண்டு உருளைகளுக்கு நடுவே தடியைச் சுழற்றி அழுத்துகிறார்கள். அழுத்தமும் இழுவையும் மாறி மாறி விழும்போது தடியின் நடுவயிறு தானாகவே கிழிந்து திறக்கிறது. களிமண் திரியை உள்ளங்கைகளுக்கு நடுவே பலமாக உருட்டிப் பார்த்த குழந்தைகளுக்கு இது தெரியும். உடைத்துப் பார்த்தால் நடுவில் பொந்து விழுந்திருக்கும். திறந்த வாய்க்குள் ஒரு முளையை நிறுத்தி வைத்தால் ஓட்டை வட்டமாக வருகிறது. தகட்டைச் சுருட்டி ஓரம் பற்றவைத்த குழாய் அல்ல இது. உடம்பில் தையலே கிடையாது.

ஆனால் சூட்டில் பிறந்த இந்தக் குழாய் தடிமனானது, அளவும் துல்லியமில்லை. அமிலத்தில் குளிப்பாட்டி, பாஸ்பேட்டும் சோப்பும் பூசி, ஒரு முனையை நசுக்கிக் கூராக்கி, அச்சுத் துவாரத்துக்குள் விட்டு மறுபக்கம் பிடித்து இழுக்கிறார்கள். பொற்கொல்லர் கம்பியச்சில் தங்கத்தை இழுக்கிறாரே, அதே வேலை. இங்கே உள்ளே ஒரு தண்டும் இருக்கும், அவ்வளவுதான். குளிர்ந்த நிலையில் இழுக்க இழுக்க எஃகு இறுகுகிறது, மேனி வழவழப்பாகிறது. ஆங்கிலப் பட்டறைகளில் இதற்குச் செல்லப்பெயர் சி.டி.எஸ்.; கோல்டு டிரான் சீம்லெஸ். சர்வதேச மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. தன் ஜே பின்னிணைப்பின் 253ஆம் விதியில் கேட்பது இந்தச் சாதியைத்தான்: கரிமம் 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத சாதாரண எஃகு, தையலில்லாதது, குளிரில் இழுத்தது, சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 350 நியூட்டன் இழுவிசை தாங்குவது. ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 கனம், மற்ற உறுப்புகளுக்கு 38, 2.5. நம் குழாய் இரண்டாம் வரிசைக்காரன்.

“350 போதுமா? குரோம்-மாலிப்டினம் எஃகு இன்னும் பலமாயிற்றே” என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. பலம்தான். மெல்லிசாகப் போடலாம், எடை குறையும். ஆனால் வெல்டிங் சரியாக வராவிட்டால் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே நொறுங்கும் குணம் அதற்கு. சாதாரண எஃகு நல்ல மனுஷன். அடி விழுந்தால் மடங்கும், நசுங்கும், சட்டென்று உடையாது. கூண்டுக்கு வேண்டியது அந்தக் குணம். உடைந்த முனை ஈட்டியாகிவிடும்.

இனி வண்டிப் பக்கம். குழாய் வந்து இறங்குவதற்கு முன் எம்எக்ஸ்-5 தன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சீட், கம்பளம், பிளாஸ்டிக் அலங்காரம், துணிக்கூரை எல்லாம் வெளியே. தரையில் சத்தத்தை அடக்க ஒட்டிய தார்ப் படலம் மிச்சம் இருக்கும். அதைச் சுரண்டினால் விரல் தேயுமே தவிர வராது. உலர்பனியைப் பரப்பி இருபது நிமிடம் பொறுத்து, சுத்தியால் லேசாகத் தட்டினால் அப்பளம்போல் நொறுங்கி வரும். பாட்டரி கழற்றியாக வேண்டும், எஞ்சினின் மூளைப்பெட்டி கழற்றியாக வேண்டும்; வெல்டிங் கரண்ட் எந்தச் சந்து வழியாக எங்கே புகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இந்தக் காரில் பெட்ரோல் டேங்க் வேறு இருக்கைகளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதை இறக்காமல் பின்பக்கத்தில் நெருப்பு வைக்கிறவரிடம் வண்டியையும் கொடுக்க வேண்டாம், பக்கத்தில் நிற்கவும் வேண்டாம்.

முதலில் வருவது பிரதான வளைவு. இரண்டு இருக்கைகளுக்கும் பின்னால், பெல்ட் தூண்களை ஒட்டி, தரையிலிருந்து எழுந்து தலைக்கு மேல் சுற்றி மறுபக்கத் தரைக்கு இறங்கும் ஒரே துண்டு. இதில் ஒட்டுப்போடக் கூடாது. வளைக்கும்போது குழாய் சப்பையாகிவிடக் கூடாது, உள்வளைவில் சுருக்கம் விழக் கூடாது. வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது என்பது விதி; 45 மில்லிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 135. மணல் அடைத்து நெருப்பில் காட்டி வளைக்கும் பழைய வித்தையை இங்கே மறந்துவிட வேண்டும். குளிரில் இழுத்து ஏற்றிய பலத்தை நெருப்பு வாங்கிவிடும்.

வளைவு எவ்வளவு உயரம் நிற்க வேண்டும்? இங்கேதான் எனக்குப் பிடித்த காட்சி. அமெரிக்கக் கிளப்புகளின் பயிற்சி ஓட்ட நாட்களில், வண்டியைச் சோதிக்க ஒருவர் கையில் துடைப்பக்கட்டையோடு வருவார். நகைச்சுவை அல்ல. ஓட்டுநர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பெல்ட்டை இறுக்கி, தன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார வேண்டும். துடைப்பக்கட்டையின் ஒரு முனையைப் பின்வளைவின் உச்சியிலும், மறுமுனையை முன்கண்ணாடிச் சட்டத்தின் மேலும் வைப்பார். கவிழ்ந்த வண்டி தரையில் படுக்கும்போது தரை இருக்குமிடம் அந்தக் கோடுதான். ஹெல்மெட் கட்டையைத் தொட்டால், வந்த வழியே வீட்டுக்குப் போகலாம். எத்தனையோ கோடி செலவில் கணினியில் காரைக் கவிழ்த்துப் பார்க்கும் காலத்தில், ஒரு துடைப்பக்கட்டை ஒரு மனிதனின் தலையைக் காப்பாற்றுகிறது.

எம்எக்ஸ்-5இல் இது பலரைத் தோற்கடிக்கும் பரீட்சை. சின்ன ஜப்பானியக் காருக்குள் ஆறடி மனிதர் உட்கார்ந்தால் கண்கள் முன்கண்ணாடியின் மேல்சட்டத்துக்கு நேராக வரும், ஹெல்மெட் வானத்தில் இருக்கும். வளைவை உயர்த்தலாமே என்றால், துணிக்கூரைக்குப் பதிலாகப் போடும் ஃபைபர் கூரையை மாட்ட முடியாது. ஆகவே மனிதரை இறக்குகிறார்கள். கம்பெனி சீட்டின் நுரையைக் கத்தியால் அறுத்து எடுப்பது முதல் வைத்தியம். அதுவும் போதாவிட்டால் சீட்டையே தூக்கிப் போட்டுவிட்டு, தொட்டிபோன்ற பந்தய இருக்கையைத் தரையோடு தரையாக போல்ட் போடுவார்கள். குழாயின் உயரத்தைத் தீர்மானிப்பது கார் இல்லை, ஓட்டுகிறவரின் முதுகெலும்பு. ஒருவருக்கு அளந்து கட்டிய கூண்டை இன்னொருவர் வாங்கினால் துடைப்பக்கட்டையைத் திரும்ப எடுத்தாக வேண்டும்.

சரி, நம் 38 மில்லிமீட்டர்க் குழாய்க்கு வருவோம். அதன் நீளமான துண்டு பக்கவாட்டு வளைவாகிறது: ஓட்டுநரின் கால்மாட்டில் தொடங்கி, டாஷ்போர்டின் ஓரத்தைச் செதுக்கிக்கொண்டு மேலேறி, முன்கண்ணாடித் தூணை ஒட்டிச் சாய்ந்து, கதவுக்கு மேலாகப் பின்னால் ஓடி, பிரதான வளைவின் தோளில் போய் முட்டும். மிச்சத் துண்டு பிரதான வளைவுக்குள் மூலைவிட்டமாகிறது.

வட்டக் குழாய் இன்னொரு வட்டக் குழாயின் மேல் முட்ட வேண்டுமென்றால் முனையை நேராக வெட்டினால் நடக்காது. முனையில் பிறைபோல் ஒரு வாய் செதுக்க வேண்டும். மீன்வாய் என்று சொல்வது பொருத்தமாகத்தான் இருக்கிறது. காகிதத்தில் வடிவத்தை வரைந்து குழாயைச் சுற்றி ஒட்டி, கோட்டின் மேல் கிரைண்டர் பிடித்து, மீதியை அரத்தால் ராவி, பொருத்திப் பார்த்து, மறுபடி ராவி, மறுபடி பார்த்து... இயந்திரம் வைத்திருப்பவர்களும் கடைசி இழைப்பைக் கையால்தான் செய்கிறார்கள். பொருத்திய இடத்துக்குப் பின்னால் கைவிளக்கைப் பிடித்தால் வெளிச்சம் கசியக் கூடாது. கசிந்தால் அந்த இடைவெளியை வெல்டிங்கால் நிரப்பிவிடலாம்தான்; பெயிண்ட் அடித்த பிறகு யாருக்கும் தெரியாதுதான். வண்டி உருளும்போது மட்டும் தெரியும்.

அடுத்து டேக் வைப்பது. ஒவ்வொரு மூட்டிலும் மூன்று நான்கு புள்ளி மட்டும் பற்றவைப்பது. ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்துப் பார்த்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்து, அப்புறம்தான் முழு வெல்டிங். அதையும் ஒரே மூச்சில் சுற்றி வரக் கூடாது. எஃகு ஆறும்போது சுருங்கும்; எந்தப் பக்கம் முதலில் பற்றவைத்தோமோ அந்தப் பக்கம் இழுக்கும். வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம், முன்னால் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போகாவிட்டால், வேலை முடிந்த மறுநாள் கதவு சாத்தாது. கூரையில்லாத கார் என்பதால் இங்கே ஒரு பெரிய வசதி உண்டு. மூடிய காரில் கூண்டின் உச்சி மூட்டுகளுக்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவே வெல்டிங் டார்ச்சு நுழையாது. கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் ஓட்டை போட்டு, கூண்டையே கீழே இறக்கி, உச்சியை முழுக்கப் பற்றவைத்துவிட்டு மறுபடி தூக்கி நிறுத்துவார்கள். எம்எக்ஸ்-5இல் நின்றபடியே, மேலே வானம் பார்க்க, முழு வட்டமும் வெல்டிங் அடிக்கலாம். அந்த வசதி இருந்தும் மேல்பக்கத்தை அரைகுறையாக விடுகிறவருக்கு மன்னிப்பே கிடையாது.

மூலைவிட்டக் குழாய் எதற்கு? பந்தல் போட்டவரைக் கேளுங்கள். நாலு கால் நட்டு மேலே கழி கட்டிவிட்டால் பந்தல் நிற்கும். ஒரு பக்கம் தள்ளினால் அப்படியே சாயும். குறுக்கே ஒரு கழி சாய்த்துக் கட்டியதும் அசையாது. சதுரம் நெளியும், முக்கோணம் நெளியாது. பிரதான வளைவு பக்கவாட்டில் சாயாமல் இருக்க மூலைவிட்டம். பின்னால் சாயாமல் இருக்க இரண்டு முட்டுக் குழாய்கள், செங்குத்திலிருந்து குறைந்தது 30 டிகிரி சாய்வாக. இவை இல்லாமல் இருக்கைக்குப் பின்னால் பளபளவென்று இரண்டு குரோம் வளையங்களை மட்டும் மாட்டி ‘ஸ்டைல் பார்’ என்று விற்கிறார்கள். பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அந்த அளவில் அது நேர்மையான சரக்கு.

இப்போது பாதங்கள். மேலே சொன்ன அத்தனை வேலையும் சரியாக இருந்து, இது தவறினால் எல்லாம் வீண். ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனமுள்ள கார்த் தரைத்தகட்டின் மேல் குழாயின் முனை நேராக நின்றால், கவிழ்ந்த வண்டியின் பாரம் முழுவதும் அந்த வட்ட விளிம்பில் இறங்கும். குடைக்கம்பி துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதேதான். கூண்டு உடையாமல் அப்படியே இருக்கும். தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். தலைக்கு மேல் இருந்த உயரம் அந்த அளவுக்குக் குறையும். அதனால்தான் விதி பாதத்துக்கு இவ்வளவு இடம் கொடுக்கிறது. குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமுள்ள பலகைத் தகடு, பரப்பு 120 சதுர சென்டிமீட்டர், அதாவது விரித்த உள்ளங்கை அளவு. போல்ட் போட்டு மாட்டும் வகை என்றால் பாதத்துக்கு மூன்று, 8 மில்லிமீட்டர் போல்ட், தலையில் 8.8 என்று பொறித்த தரம். பின்முட்டுகளுக்கு இரண்டு போல்ட், பாதி அளவு தகடு. கெட்டிக்காரப் பட்டறைக்காரர்கள் தகட்டைத் தரையோடு நிறுத்தாமல் மடித்து, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தின் சுவர்மீதும் ஏற்றிப் பற்றவைப்பார்கள். காரின் எலும்பு இருக்குமிடம் அதுதானே.

பழைய எம்எக்ஸ்-5இல் அந்த எலும்பையே பார்க்க வேண்டியிருக்கும். துணிக்கூரையிலிருந்து வழியும் மழைத்தண்ணீர் வடிகுழாய் வழியாக இறங்கி வெளியேற வேண்டும். இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் சட்டத்துக்குள்ளேயே தங்கி, உள்ளிருந்து துரு தின்னும். வெளியே பெயிண்ட் மினுங்கும். திருப்புளியால் குத்தினால் உள்ளே போகும். துருப்பிடித்த சட்டத்தில் நிறுத்திய கூண்டு, கரையான் பிடித்த தூணின் மேல் ஏற்றிய தேக்கு உத்தரம்.

பற்றவைத்து முடித்தால் குழாய் மூடுண்டுவிடுகிறது. உள்ளே கனம் எவ்வளவு என்று சோதனைக்காரருக்கு எப்படித் தெரியும்? எஸ்.சி.சி.ஏ. என்ற அமெரிக்கக் கிளப் இதற்காகவே, பாரம் விழாத ஓரிடத்தில் சின்னதாக ஒரு துளை போட்டு வைக்கச் சொன்னது, 3/16 இஞ்ச், ஒன்றரை நூல். ஊசிபோன்ற அளவியை உள்ளே விட்டுக் கனத்தைப் பார்ப்பார்கள். தண்ணீர்க் குழாய் ஆசாமிகள் அகப்பட்டுக்கொள்ளும் இடம் அந்த ஓட்டை.

20 மீட்டர் குழாய் உள்ளே போனால் 45 கிலோவுக்கு மேல் ஏறும். ஆயிரம் கிலோகூட இல்லாத காருக்கு இது கணிசமான சீதனம். பதிலுக்குக் கார் இறுகுகிறது. திறந்த கார்களில் மேடுபள்ளத்தில் முன்கண்ணாடிச் சட்டம் லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் போய்விடும். இந்த இறுக்கத்தின் ருசியைக் கண்டவர்கள் சாலையில் ஓட்டும் வண்டிக்கும் முழுக்கூண்டு கேட்கிறார்கள். என் தீர்ப்பு: வேண்டாம். ஹெல்மெட்டும் பந்தய பெல்ட்டும் தொட்டி இருக்கையும் இல்லாதவனுக்குக் கூண்டு தலைக்கு அரையடி தூரத்தில் ஓர் இரும்புத் தடி, அவ்வளவுதான். சாதாரண பெல்ட்டில் உடம்பு ஆடும். பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தாலே போதும், வெறுந்தலை போய்க் குழாயில் மோதும். சுற்றிலும் நுரை சுற்றியிருக்கிறேன் என்பார்கள். ஏசி குழாய்க்குச் சுற்றும் மெத்தென்ற நுரை விரலால் அழுத்தினால் அமுங்கும், மண்டை மோதினாலும் அமுங்கும், பயனில்லை. பந்தயத்துக்கான எஃப்.ஐ.ஏ. 8857-2001 தர நுரை கட்டையாக, கடினமாக இருக்கும். அதுவும் ஹெல்மெட்டை மனத்தில் வைத்துச் செய்தது. இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு: கூண்டோ வளைவோ இல்லாமல் பந்தய பெல்ட்டை மட்டும் மாட்டுவது. கவிழும்போது சாதாரண பெல்ட் உடம்பைச் சாயவிடும். பந்தய பெல்ட் நிமிர்த்தியே பிடித்து வைக்கும், தலையைத் தரைக்கு நேராக. நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு. பதிவான வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருவதில்லை. இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் பார்த்த கூண்டை அண்ணா சாலைக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் அதையும் நினைவில் வைக்கலாம்.

நம் குழாய் பெயிண்ட் அடித்துக்கொண்டு, நுரை சுற்றிக்கொண்டு, ஓட்டுநரின் காதோரம் வருஷக்கணக்கில் சும்மா இருக்கலாம். பெரும்பாலான கூண்டுக் குழாய்களின் ஆயுள் அப்படித்தான் கழிகிறது. ராத்திரி வாட்ச்மேனைப் போல, ஒன்றுமே நடக்காததுதான் அதன் வேலை. என்றாவது ஒருநாள் வண்டி சரளையில் சிக்கிப் புரண்டால், அரை நிமிடத்துக்குள் அதன் ஜாதகம் முடிந்துவிடும். மடங்கிய குழாயை நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஒருமுறை மடங்கிய இடத்தில் எஃகு தன் பொறுமையைச் செலவழித்துவிட்டது. வெட்டி எடுத்துப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட வேண்டியதுதான். அங்கிருந்து உலை, உலையிலிருந்து தடி.

ஆனால் வெட்டி எடுக்காமல் நிமிர்த்தி, மேலே கறுப்பு பெயிண்ட் அடித்து விற்கிறவர்களும் உண்டு. கூண்டு கட்டிய பழைய பந்தயக் கார் வாங்க நேர்ந்தால் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு டார்ச் லைட் எடுத்துக்கொண்டு, வண்டியைத் தூக்கச் சொல்லி, அடியில் படுத்து ஆறு பாதங்களையும் பாருங்கள். பிறகு வீட்டிலிருந்து ஒரு துடைப்பக்கட்டை கொண்டு போங்கள்.